பூஜிவால் தோட்டத்தைத் தேடி: பாரிஸில் நான்கு நாள்

முதல் நாள், வியாழன்

22 ஆண்டுகள் பள்ளியில் ஓவியம் கற்பித்துவிட்டுப் போன ஆண்டுதான் ஓய்வு பெற்றேன். அந்த ஆண்டுகள் முழுவதும் என் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு படம் ஒட்டியிருந்தது. பழைய நாட்காட்டி ஒன்றிலிருந்து வெட்டியெடுத்தது. ஒரு தோட்டம், பெஞ்சில் வைக்கோல் தொப்பி அணிந்த ஒரு மனிதர், அவர் மடிமேல் எதையோ பரப்பி வைத்து விளையாடும் ஒரு சிறு பெண்குழந்தை. கீழே பொடி எழுத்தில் பெர்த் மோரிசோ, 1881 என்று, அதை வரைந்த பிரெஞ்சுப் பெண் ஓவியரின் பெயர் இருந்தது. வெயிலும் தூசியும் பட்டுச் சிவப்பெல்லாம் வெளிறி, கடைசிக் காலத்தில் அது ஏறக்குறைய நீலப் படமாகவே ஆகிவிட்டது. மூலப் படத்தை ஒரு முறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை இந்த ஜூலையில்தான் கைகூடியது. பாரிஸில் மேற்படிப்புப் படிக்கும் என் தங்கை மகள் விடுமுறை எடுத்துக்கொண்டு கூடவே வருகிறாள்.

காலையில் விமானம் இறங்கியது. தூங்கி எழுந்தபின், ஓர்சே அருங்காட்சியகம் வியாழக்கிழமைகளில் இரவு 9.45 வரை திறந்திருக்கும் என்று அவள் சொன்னதால், மாலையிலேயே புறப்பட்டுவிட்டோம். 1900ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய இரயில் நிலையம் அது. 1986இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. கூரையின் பெரிய கண்ணாடி வளைவின் கீழ் நின்றால் இன்னும் வண்டி வரும் என்றே தோன்றுகிறது.

நான் தேடிப் போனது மோரிசோ வரைந்த படத்தை. முதலில் கண்ணில் பட்டதோ மோரிசோவை வரைந்த படம். பிரெஞ்சு ஓவியர் எட்வார் மானேயின் ‘பால்கனி’ 1868இலும் 1869இலுமாகத் தீட்டப்பட்டது. பச்சை வண்ணம் பூசிய இரும்புக் கம்பித் தடுப்புக்குப் பின்னால், வெள்ளை உடையில், கரிய கண்களுடன் உட்கார்ந்திருப்பவர் மோரிசோ. அப்போது அவருக்கு 27, 28 வயது. அதற்குள் 1864 முதலே அரசின் ஆண்டுக் கண்காட்சியான சலோனில் தம் படங்களை வைத்திருந்தவர் அவர். படத்தைப் பார்க்கும் யாருக்கும் அது தெரிய வழியில்லை. என் கண் அந்தப் பச்சைக் கம்பியிலேயே நின்றுவிட்டது.

மோரிசோவின் தந்தை உயர் அரசு அதிகாரி. வசதியான வீட்டுப் பெண்களுக்குப் பியானோவும் கொஞ்சம் படம் வரைதலும் கற்றுத்தருவது அன்றைய வழக்கம். பெர்த்தும் அவருடைய அக்கா எத்மாவும் அந்தக் ‘கொஞ்சத்தோடு’ நிற்கவில்லை. ஆசிரியராக இருந்த கிஷார் அவர்களுடைய தாயாரிடம், உங்கள் பெண்களுக்கு இருக்கும் திறமையைப் பார்த்தால் அவர்கள் ஓவியர்களாகவே ஆகிவிடுவார்கள், உங்களைப் போன்ற குடும்பத்தில் அது எத்தகைய புரட்சி, ஏன், பேரிடி என்றே சொல்லலாம், உங்களுக்குப் புரிகிறதா என்று எச்சரித்தாராம். தாயார் அஞ்சவில்லை. லூவ்ரில் பழைய மேதைகளின் படங்களைப் பார்த்துப் படியெடுத்துப் பழகவும், பிறகு ஓவியர் கோரோவிடம் திறந்தவெளியில் வரையக் கற்கவும் சகோதரிகள் அனுப்பப்பட்டார்கள், எப்போதும் துணையோடு. அரசின் ஓவியக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது 1897இல்; மோரிசோ இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து.

எத்மாவுக்குத் திருமணம் ஆனதும் அவருடைய ஓவியத் தொழில் நின்றுபோயிற்று. 1872இல் தங்கை அந்த அக்காவையே வரைந்தார். ‘தொட்டில்’ என்ற அந்தப் படம் இங்கேதான் இருக்கிறது. மெல்லிய வலைத்துணிக்குள் தூங்கும் குழந்தை, பக்கத்தில் கன்னத்தில் கைவைத்துப் பார்த்திருக்கும் தாய். வெள்ளைத் துணிக்குள் நீலமும் இளஞ்சிவப்பும் சாம்பலும் எத்தனை விதமாக வருகின்றன என்று எண்ணிக்கொண்டே நின்றேன். 1874 ஏப்ரலில், சலோனை உதறிவிட்டு வந்த ஓவியர்கள் தாங்களே நடத்திய முதல் கண்காட்சியில், கணநேர ஒளியை விரைந்த தீற்றல்களில் பிடிக்க முயன்ற இவர்களுக்கு இம்ப்ரெஷனிஸ்டுகள் என்ற பெயர் பிறந்த அந்தக் கண்காட்சியில், இந்தப் படமும் இருந்தது. அந்த முதல் கண்காட்சியின் குழுவில் பங்கெடுத்த ஒரே பெண் மோரிசோ.

இரண்டாம் நாள், வெள்ளி

லா முயெத் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, ரனெலா பூங்காவின் மரநிழலில் நடந்தால் மார்மொத்தான் மோனே அருங்காட்சியகம். ஒரு காலத்தில் வேட்டை மாளிகையாக இருந்து, மார்மொத்தான் குடும்பத்தின் வீடாகி, 1934இல் அருங்காட்சியகம் ஆனது. கூட்டம் எல்லாம் அதே குழுவின் ஓவியர் கிளோத் மோனேவுக்காக வருகிறது. இந்த இயக்கத்துக்கே பெயர் கொடுத்த சூரியோதயப் படம் இங்கே இருக்கிறது. நிலவறையில் அல்லிக்குளப் படங்கள் இருக்கின்றன. உலகிலேயே மோரிசோவின் படங்கள் மிக அதிகமாகச் சேர்ந்திருக்கும் இடமும் இதுதான் என்பதைப் பலர் அறியாமலேயே திரும்பிப் போகிறார்கள். மோரிசோவின் மகள் ஜூலியின் மகனான தெனி ரூவார், அவர் மனைவி ஆனி ஆகியோரின் குடும்பச் சேகரிப்பு இங்கு வந்து சேர்ந்ததால் கிடைத்த பேறு இது.

என் அலமாரிப் படம் 73 சென்டிமீட்டர் உயரம், 92 சென்டிமீட்டர் அகலம் கொண்டது. ‘பூஜிவால் தோட்டத்தில் யூஜேன் மானேயும் மகளும்’ என்பது பெயர். பூஜிவால் பாரிஸுக்கு அருகே ஸேன் நதிக்கரையில் உள்ள ஊர். யூஜேன் மோரிசோவின் கணவர், எட்வார் மானேயின் தம்பி. 1874 டிசம்பரில் திருமணம். மகள் ஜூலி 1878 நவம்பரில் பிறந்தவள், ஆகவே படத்தில் அவளுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை.

முதலில் ஆறடி தள்ளி நின்றேன். தோட்டம், மனிதர், குழந்தை எல்லாம் ஒரே வெளிச்சத்தில் மூழ்கி இருந்தன. பிறகு, காவலர் அனுமதிக்கும் அளவுக்கு அருகில் போனேன். அப்போது தோட்டம் மறைந்துவிட்டது. வண்ணத் தீற்றல்கள் மட்டும் மிஞ்சின. இலை என்று நான் 22 ஆண்டுகளாக நினைத்திருந்தது, கீழிருந்து மேலாக ஒரே வீச்சில் இழுத்த பச்சை; அதன் நடுவே தூரிகையில் வண்ணம் தீர்ந்து கித்தானின் நெசவு தெரிகிறது. குழந்தையின் உடையில் ஒரு கோடும் துணியின் ஓரத்தை வரையவில்லை. குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்த தீற்றல்கள் எங்கே திசை மாறுகின்றனவோ அங்கே உடை முடிந்து செடி தொடங்குகிறது. இதைக் குழந்தைகளுக்குக் கற்பிக்க முயன்று எத்தனையோ முறை தோற்றிருக்கிறேன்: வெளிக்கோடு போட்டுவிட்டு உள்ளே நிரப்பாதே, வண்ணமே உருவத்தைச் சொல்லட்டும் என்று. சொல்வது எளிது. செய்வதற்கு அடுத்த தீற்றல் எங்கே விழ வேண்டும் என்பது கைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

1880இல் ஷார்ல் எஃப்ருசி என்ற விமர்சகர், மோரிசோ மலரிதழ்களை அரைத்து வண்ணப் பலகையில் வைத்துக்கொண்டு, பிறகு அவற்றைக் கித்தானில் காற்றைப் போல் மெல்லப் பரப்புகிறார் என்ற பொருளில் எழுதினார். அன்போடு எழுதியதுதான்; இன்றும் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்கு அந்தப் பாராட்டு உவப்பாக இல்லை. இந்தப் படத்தின் முன் நின்று பார்த்தவர் யாரும் இதழ், மென்மை என்று பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். இதில் வேகம் இருக்கிறது, தோளிலிருந்து வரும் வீச்சு இருக்கிறது, அழித்துத் திருத்த நேரமில்லாத ஒருவரின் துணிச்சல் இருக்கிறது. ஆண் ஓவியர் ஒருவர் இதே தீற்றல்களைப் போட்டிருந்தால் இதழ் என்ற சொல் வந்திருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது.

படத்தின் பொருளையும் இன்றுதான் சரியாகப் பார்த்தேன். தாயும் சேயும் என்பதே அந்தக் காலத்து ஓவியங்களில் எங்கும் காணும் காட்சி. இங்கே குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் தந்தை. அவருடைய மடியே குழந்தைக்கு மேசை. தாய் படத்தில் இல்லை. தாய் சில அடி தள்ளி, தூரிகையுடன் நின்று வேலை செய்துகொண்டிருக்கிறார். யூஜேனும் படம் வரையத் தெரிந்தவர்தான், ஆனால் மனைவியின் வேலைக்கே துணை நின்றார். 1882 கண்காட்சியின்போது, மகள் உடல் நலமில்லாததால் மோரிசோ நீஸ் நகரில் தங்கிவிட, பாரிஸுக்கு வந்து அவருடைய படங்களைத் தொங்கவிடும் பொறுப்பை ஏற்றவர் இவரே. இயக்கத்தின் எட்டுக் கண்காட்சிகளில் மோரிசோ ஏழில் பங்கெடுத்தார். தவறியது 1879 ஒன்றுதான், ஜூலி கைக்குழந்தையாக இருந்த ஆண்டு.

“பெரியம்மா, இவருக்குத் தனியாக ஓவியக்கூடம் இருந்ததா?” என்று தங்கை மகள் கேட்டாள். வாழ்நாளின் பெரும்பகுதி இல்லை. வரவேற்பறையில் வரைவார், விருந்தினர் வரும்போது சாமான்களை ஒதுக்கி மறைத்து வைப்பார். கோடையில் வாடகை வீட்டுத் தோட்டம்தான் கூடம். தோழர்களான ஆண்களுக்குக் காபிக் கடை இருந்தது, நடன அரங்கு இருந்தது, இரயில் நிலையமும் இரவுத் தெருவும் இருந்தன. அவர் போன்ற குடும்பத்துப் பெண் தனியாகப் போய் ஓவியத் தாங்கியை நிறுத்திக்கொண்டு நிற்கக்கூடிய திறந்தவெளி என்று பார்த்தால், தோட்டத்து வேலி வரைக்கும்தான். மோரிசோவின் தோட்டப் படங்களைக் குடும்ப வாழ்வின் இனிய காட்சிகள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது அவருக்கு இழைக்கும் அநீதி என்று நான் நினைக்கிறேன். அது அவருடைய பணியிடம்.

1884இல் வரைந்த ‘ஹாலிஹாக் மலர்கள்’ படத்தின் முன்னும் நீண்ட நேரம் நின்றோம். ஆளுயரத்துக்கு நெட்டென வளர்ந்து, தண்டு நெடுகப் பூக்கும் செடி அது. நம் செம்பருத்தி, துத்தி, வெண்டை ஆகியவற்றின் குடும்பம்தான்; பூவின் வாயைப் பார்த்தாலே உறவு தெரிந்துவிடும். அதே ஆண்டின் பூஜிவால் தோட்டப் படம் ஒன்றும் இருக்கிறது. கடைசியாக 1891ஆம் ஆண்டின் ‘செர்ரி மரம்’: ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரம், ஏணியில் ஏறிப் பழம் பறிக்கும் பெண், கீழே கூடையை ஏந்தி நிற்கும் மற்றொருத்தி. ஜூலியையும் உறவுப்பெண் ஜன்னியையும் வைத்துத் தொடங்கியது. மோரிசோ சிறிய படங்களை வரைந்தவர் என்று நினைத்திருப்பவர்கள் இதன் முன் ஒரு முறை நிற்க வேண்டும்.

நிலவறைக்கும் போனோம். அல்லிக்குளங்கள் பேரழகு. ஆனாலும் இரண்டு தோட்டங்களையும் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. மோனே 1883இல் ஜிவெர்னி கிராமத்தில் குடியேறி, பின்னர் அந்த வீட்டையே வாங்கி, தோட்டக்காரர்களை அமர்த்தி, நீரைத் திருப்பிக் குளம் வெட்டித் தம் படங்களுக்கான தோட்டத்தைத் தாமே உண்டாக்கிக்கொண்டார். மோரிசோவுக்குக் கிடைத்தது யாரோ நட்டு வளர்த்த வாடகைத் தோட்டம். அதுவும் நான்கு கோடைகள் மட்டும்.

மூன்றாம் நாள், சனி

சான் லஸார் நிலையத்திலிருந்து புறநகர் இரயிலில் பூஜிவால். நிலையம் மேட்டில் இருக்கிறது, ஊர் ஸேன் நதிக்கரையில், பள்ளத்தில். இறங்கி வரும் வழியெல்லாம் மதில்கள், மதில்களுக்கு மேல் வழியும் செடிகொடிகள். நதியோரத்தில் இம்ப்ரெஷனிஸ்டுகள் இங்கே வரைந்த படங்களின் நகல்களை, வரைந்த இடத்துக்கு அருகிலேயே பலகைகளில் வைத்திருக்கிறார்கள். மோனே, ரெனுவார், சிஸ்லி, பிசாரோ என எல்லாரும் இந்த வளைவுக்கு வந்து போனவர்கள். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் காலத்தில் வெர்சாய், மார்லித் தோட்டங்களின் நீரூற்றுகளுக்காக இந்த நதியின் நீரை மேலேற்றிய பெரும் பொறி இருந்ததும் இங்கேதான். ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவ் இந்த ஊரில்தான் 1883 செப்டம்பரில் காலமானார்; மோரிசோ தோட்டத்தில் வரைந்துகொண்டிருந்த கோடைகளில் ஒன்று அது.

1881 முதல் 1884 வரை அவர்கள் கோடைக்கு எடுத்த வீடு ரூ தெ லா பிரின்செஸ் தெருவில், 4ஆம் எண். தெருவைக் கண்டுபிடித்து நடந்தோம். மனிதர்கள் வாழும் அமைதியான குடியிருப்புத் தெரு. எந்தக் கதவையும் தட்டவில்லை, எதையும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தத் தோட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நேற்றைய அறைக்குத்தான் திரும்பிப் போக வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. வேண்டியது ஒன்றே ஒன்று, இந்த ஊரின் வெயில். அது கிடைத்தது. நம் ஊர் வெயில் உச்சியிலிருந்து இறங்கி நிறத்தைக் கொன்றுவிடும். இங்கே ஜூலை நண்பகலிலும் சற்றுச் சாய்ந்தே விழுகிறது. நதியின் ஈரம் வேறு காற்றில் இருப்பதால் நிழல்கூடக் கறுக்காமல் ஊதாவாகவும் நீலமாகவும் நிற்கிறது. நிழலில் கறுப்பைக் கலக்காதே என்று இந்த ஓவியர்கள் பிடிவாதம் பிடித்ததன் காரணம் எனக்குப் புத்தகத்தில் புரிந்ததைவிட அந்த மதிலோரத்தில் நன்றாகப் புரிந்தது.

வேறொரு சந்தின் முனையில், சுவருக்கும் நடைபாதைக்கும் நடுவே இருந்த வெடிப்பிலிருந்து ஒரு ஹாலிஹாக் முளைத்து நின்றது. என் தலைக்கு மேல் ஒரு சாண் உயரம். அடியில் இருந்த பூக்கள் வாடிக் காயாகியிருந்தன, நடுவில் ஐந்தாறு மலர்ந்திருந்தன, நுனியில் மொட்டு. மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நீர்வண்ணத்தில் வரையத் தொடங்கினேன். பென்சிலால் உருவம் எழுதி முடிப்பதற்குள், தண்டின் இடப்புறம் இருந்த வெளிச்சம் நழுவிவிட்டது. கீழிலையின் நிழல் சுவரில் இரண்டு விரற்கடை நகர்ந்திருந்தது. முதல் தாளைக் கிழித்துப் போட்டேன். இரண்டாவதில் பென்சிலையே தொடவில்லை. பெரிய தூரிகையில் இளஞ்சிவப்பைத் தோய்த்து நேராகப் பூவில் இறங்கினேன். காற்று வந்து செடியைச் சாய்க்கும்போதெல்லாம் கை நின்றது. இருபது நிமிடத்தில் தாள் ஈரமாக இருக்கும்போதே நிறுத்த வேண்டியதாயிற்று.

செடியே இப்படி என்றால், மூன்று வயது நிரம்பாத குழந்தை எவ்வளவு நேரம் ஓரிடத்தில் இருக்கும்? தந்தையின் மடியில் விளையாட்டுச் சாமான்கள் சலித்துப்போகும் வரைக்கும்தான். நேற்று அருகில் பார்த்த அந்தத் தீற்றல்களின் அவசரத்துக்கு அப்போதுதான் காரணம் தெரிந்தது. வெயில் நகரும், குழந்தை எழுந்து ஓடும், யாராவது வந்து அழைப்பார்கள். அந்த இடைவெளிக்குள் முடிக்கக்கூடிய ஒரு கைமுறையை அவர் வளர்த்துக்கொண்டார். படங்கள் பாதியில் விட்டவை போல் இருக்கின்றன என்று அக்கால விமர்சகர்கள் குறை சொன்னார்கள். பாதியில் விடவில்லை, எது போதும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வண்ணத்தைத் தகரக் குழாயில் அடைத்து எடுத்துப் போகும் முறைக்கு ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் காப்புரிமை பெற்றது 1841இல். மோரிசோ பிறந்த ஆண்டும் அதுவே. அதற்கு முன்பு, பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்த வண்ணத்தைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போய் வரைவதென்பது எளிதாக இருந்திருக்காது. என் பையிலும் பன்னிரண்டு குழாய்கள் இருந்தன.

நான்காம் நாள், ஞாயிறு

காலையில் ட்ரோகடேரோ. எல்லாரும் ஐஃபில் கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த மேட்டுக்கு அருகில்தான், பாஸியில், மோரிசோவின் இளமைக்கால வீடு இருந்தது. 1870களின் தொடக்கத்தில், கோபுரம் எழுவதற்கு முன்பு, இங்கிருந்து தெரியும் நகரத்தை அவர் வரைந்திருக்கிறார். அந்தப் படத்திலும் பெண்களும் குழந்தையும் முன்னால் நிற்க, நகரம் முழுவதும் தடுப்புக்கு அப்பால் விரிந்து கிடக்கிறது. மானேயின் பால்கனிக் கம்பி, இந்தத் தடுப்பு, பூஜிவால் மதில்: எங்கும் ஒரு வேலி என்று எனக்குத் தோன்றியது. தங்கை மகளும் அதையே சொன்னாள்.

அங்கிருந்து சில நிமிட நடையில் பாஸி கல்லறைத் தோட்டம். மானே குடும்பக் கல்லறையின் மேல் எட்வார் மானேயின் மார்பளவுச் சிலை இருக்கிறது. எட்வார், அவர் மனைவி சுசான், யூஜேன், பெர்த் நால்வரும் ஒன்றாக இருக்கிறார்கள். கல்லில் மோரிசோவின் பெயருக்குக் கீழே யூஜேன் மானேயின் கைம்பெண் என்று பொறித்திருக்கிறது. ஓவியர் என்ற சொல் இல்லை. அவருடைய இறப்புச் சான்றிதழிலும் தொழில் இல்லை என்றே எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான், 1894இல், கவிஞர் மல்லார்மேயின் முயற்சியால் பிரெஞ்சு அரசு அவருடைய படமொன்றை 4,500 பிராங்குக்கு வாங்கியிருந்தது. 1890இல் தம் குறிப்பேட்டில் அவர் எழுதினார்: பெண்ணைச் சரிசமமாக நடத்திய ஆண் எவனும் இருந்ததாக நான் நினைக்கவில்லை, நான் கேட்டிருக்கக்கூடியது அது ஒன்றைத்தான், ஏனென்றால் நானும் அவர்களுக்கு ஈடானவள் என்பது எனக்குத் தெரியும்.

1895 மார்ச் 2 அன்று, காய்ச்சலில் விழுந்த மகளைக் கவனித்துத் தாமும் நோயுற்று, நிமோனியாவால் இறந்தார். வயது 54. யூஜேன் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டார், ஜூலிக்கு 16. இறப்பதற்கு முந்தைய நாள் மகளுக்கு எழுதிய கடிதத்தில் அன்பைச் சொல்கிறார், அழாதே என்கிறார். அதோடு, ஓவிய நண்பர் தெகா அருங்காட்சியகம் ஒன்றை அமைப்பாரானால் மானேயின் படம் ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும், மோனேவுக்கும் ரெனுவாருக்கும் நினைவுக்காக ஒவ்வொன்று கொடு, நண்பர் பார்த்தொலொமேக்கு என் கோட்டோவியம் ஒன்று என்று பங்கீடும் செய்கிறார். மறு ஆண்டு மார்ச்சில் ஓவிய வணிகர் தூரான் ருவெலின் கூடத்தில் நடந்த அஞ்சலிக் கண்காட்சிக்கு ஏறத்தாழ 400 படைப்புகளைத் தொங்கவிட்டவர்கள் மோனே, தெகா, ரெனுவார், மல்லார்மே.

இரவு விமானம். கையில் மூன்று மணி நேரம் இருந்ததால் மார்மொத்தானுக்கு மறுபடியும் போனோம். நிலவறைக்கு இறங்கவில்லை. நேராக அந்தத் தோட்டத்தின் முன் போய் நின்றேன். எதிரே இருந்த இருக்கையில் தங்கை மகள் உட்கார்ந்துகொண்டாள். நாட்காட்டிப் படத்தில் வெளிறிப்போன சிவப்புகள் எல்லாம் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகத் தேடி, என் சிறு குறிப்பேட்டில் இடம் குறித்துக்கொண்டேன். ஆறு மணிக்கு மூடுவார்கள். ஐந்தே முக்காலுக்குக் காவலர் வந்து மெல்லத் தலையசைத்தபோது, பதினொன்று குறித்திருந்தேன். குழந்தையின் பக்கத்தில் இன்னும் இரண்டு பாக்கி இருந்தன.